தூய புரதமும் தீராத கடனும்: ஓர் அறவியல் நோக்கு

அறவியற் சிந்தனை பெரும்பாலும் பெரிய செயல்களையே தனக்குப் பொருளாகக் கொள்கிறது. கொலை, களவு, பொய், போர், துறவு என்பன பற்றித் தத்துவஞானிகள் நிறையவே எழுதியுள்ளனர். ஆயினும், எவரும் கவனியாத ஒரு சிறு செயல் சில வேளைகளில் இவற்றைக் காட்டிலும் கடினமான வினாவை எழுப்பிவிடுகிறது. அத்தகைய செயலொன்றை அண்மையில் நேரிற் காண நேர்ந்தது. அதிலிருந்து பிறந்த சிந்தனைகளே இக்கட்டுரையாக அமைகின்றன.

விஞ்ஞான பீடத்தில் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவரைக் காண ஆய்வுகூடத்துக்குச் சென்றிருந்தேன். குளிர்ப்பெட்டியைத் துப்புரவு செய்துகொண்டிருந்த அவர், விரலளவே ஆன சிறு கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்து என்னிடம் காட்டினார். அதனடியில் இளஞ்சிவப்பு நிறமான தூள் சிறிதளவு ஒட்டிக்கிடந்தது. ‘திரான்ஸ்பெரின், மனிதக் குருதித் திரவவிழையத்திலிருந்து பெறப்பட்டது, தூயது’ என்பது மேற்சீட்டின் பொருள். எயிட்ஸ் வைரசும் ஈரலழற்சி வைரசுகளும் இல்லையெனச் சோதிக்கப்பட்டது என்பதும் அதிற் குறிக்கப்பட்டிருந்தது. இறுதி வரியோ, ஆய்வுக்கு மட்டுமே உரியது, மனிதருக்குப் பயன்படுத்தலாகாது என்று எச்சரித்தது. காலம் கடந்துவிட்டது என்று கூறிய நண்பர், கழிவுப்பொருள்களுக்குரிய விதிப்படி அதனைக் கிருமிநீக்கத் திரவத்திற் கரைத்து ஊற்றிவிட்டு அடுத்த குப்பியை எடுத்தார்.

மனிதரிடமிருந்து வந்த பொருளொன்று, மனிதருக்கு ஆகாதது என்ற சீட்டுடன், எவருக்கும் பயன்படாமலே போயிற்று. இதிலே தவறு ஏதேனும் நிகழ்ந்ததா என்று நண்பரை வினவினேன். “பணம் வீணானது ஒன்றே தவறு, மற்றும்படி இது ஓர் இரசாயனப் பொருள்தானே” என்றார் அவர். அவருடைய விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. ஆனால் அது எவ்வகையிற் பிழையானது என்பதையும் என்னால் உடனே கூற முடியவில்லை.

வினாவை ஆராயுமுன், வினாவுக்குரிய பொருளை அறிதல் வேண்டும். வளர்ந்த மனிதன் ஒருவனின் உடலில் 3 முதல் 4 கிராம் வரையான இரும்பு உண்டு. அதிற் பெரும்பகுதி செங்குருதிக் கலங்களில் ஒட்சிசனைச் சுமக்கும் பணியில் ஈடுபட்டுள்ளது. இரும்பின்றி உயிரில்லை, ஆயினும் தனித்துத் திரியும் இரும்பு கலங்களுக்கு நஞ்சாகும். ஆகவே அதனைப் பற்றிக்கொண்டு, குருதியோட்டத்தின் வழியே கொண்டுசென்று, வேண்டிய இடத்தில் ஒப்படைக்கும் ஒரு காவி உடலுக்குத் தேவைப்படுகிறது. அக்காவியே திரான்ஸ்பெரின் எனும் புரதம். ஈரலிலே பெரும்பாலும் ஆக்கப்படும் இப்புரதத்தின் மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டு இரும்பணுக்களைச் சுமக்கவல்லது. ஒரு லீற்றர் குருதித் திரவவிழையத்தில் இது 2 முதல் 3 கிராம் வரை காணப்படும். எந்த ஒரு கணத்திலும் அது சுமக்கும் இரும்பின் மொத்த அளவு ஏறத்தாழ 3 மில்லிகிராமே. ஆனால் ஒரு நாளில் அதன் கைமாறிச் செல்லும் இரும்போ 20 மில்லிகிராமுக்கும் அதிகமாகும். கலத்தின் வாயிலில் உள்ள ஏற்பியொன்று அதனை உள்ளே அழைத்துக்கொள்ளும். உள்ளே நிலவும் அமிலத்தன்மையில் இரும்பு கழன்றுவிடும். வெறுங்கையோடு புரதம் மீண்டும் குருதிக்குத் திரும்பி அடுத்த சுமைக்கு ஆயத்தமாகும். கிருமிகள் பெருகுவதற்கும் இரும்பு வேண்டியதாகையால், அதனை அவற்றுக்கு எட்டாமற் பற்றிவைப்பதன் மூலம் இப்புரதம் காவற் பணியையும் ஆற்றுகிறது.

இதனை உடலிலிருந்து பிரித்தெடுக்கும் வித்தை போர்க்காலத்திலே தோன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது, காயமுற்ற வீரர்களுக்கு வழங்கக்கூடிய அல்புமின் எனும் புரதத்தைப் பெறும்பொருட்டு, ஹாவாட் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் எட்வின் கோன் என்பவரும் அவர்தம் குழுவினரும் குருதித் திரவவிழையத்தைக் குளிர்ந்த எதனோலின் உதவியாற் பல கூறுகளாகப் பிரித்தனர். போர்க்காலத்தில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் பொதுமக்களிடமிருந்து 1 கோடி 30 இலட்சத்துக்கு மேற்பட்ட பைந்து குருதியைத் திரட்டியது. அல்புமின் போர்முனைக்குச் சென்றது; ஏனைய கூறுகள் ஆய்வாளர் கைக்கு வந்தன. அவ்வாறு பிரித்த கூறுகளுள் ஒன்றிலே, இரும்பைப் பற்றி வைத்துக் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளொன்று உண்டென 1946இல் ஷேட், கரோலைன் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். அடுத்த ஆண்டில் சுவீடனைச் சேர்ந்த ஹொல்ம்பேர்க், லோரெல் என்போர் அதற்குத் திரான்ஸ்பெரின் என்று பெயரிட்டனர். 1976இல் ஹயாஷி, சாட்டோ ஆகியோர், விலங்குகளின் குருதிநீரைச் சேர்க்காமலே, ஓமோன்களையும் திரான்ஸ்பெரினையும் இட்டுக் கலங்களை வளர்க்கலாமெனக் காட்டினர். அதன்பின் இது கலவளர்ப்பு ஆய்வுகூடங்களுக்கு இன்றியமையாத பொருள்களுள் ஒன்றாயிற்று.

இவ்வரலாற்றில் ஒரு செய்தி நம் கவனத்துக்குரியது. போர்க்காலத்திற் கைநீட்டிக் குருதி தந்தவர்கள் காயமுற்ற வீரனொருவனை மனத்திற்கொண்டே தந்திருப்பர். தம் குருதியிலிருந்து பெயரறியாத புரதமொன்று பிரிக்கப்படும், அதனால் விஞ்ஞானம் வளரும் என்று அவர்களுள் எத்தனை பேர் எண்ணியிருப்பர்? ஒரு நோக்கத்துக்காகத் தரப்பட்டது பிறிதொரு நோக்கத்துக்கும் பயன்பட்டது. விளைவு நன்றே. ஆயினும் விளைவின் நன்மை மட்டும் செயலின் நேர்மைக்குச் சான்றாகிவிடுமா என்பது வேறு வினா.

இனி நண்பரின் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்து நோக்குவோம். ஏனெனில், எதிர்வாதத்தை நலிவுறச் செய்து வெல்வது வெற்றியாகாது. இத்தகைய புரதம் ஒருவரின் குருதியிலிருந்து வருவதன்று; பலரின் திரவவிழையம் ஒன்றாகக் கலக்கப்பட்டு, அக்கலவையிலிருந்து பிரிக்கப்படுவது. குப்பியில் உள்ள மூலக்கூறு எதனையும் சுட்டி ‘இது இன்னாருடையது’ என்று கூற எவராலும் இயலாது. உடலும் அதனை இழந்து வருந்துவதில்லை. திரான்ஸ்பெரினின் பாதி ஏறத்தாழ எட்டு நாளில் தானாகவே அழிந்து புதுப்பிக்கப்படுகிறது. தந்தவருக்கு இழப்பில்லை, அவரை அடையாளம் காணவும் வழியில்லை, சில நாடுகளில் அவருக்கு உரிய பணமும் கொடுக்கப்பட்டுவிட்டது. தூயதாக்குதல் என்பதன் பொருளே, இப்புரதம் ஒன்றைத் தவிர வேறு எதுவும் எஞ்சாதவாறு நீக்குதல். அவ்வாறு நீக்கப்பட்டவற்றோடு மனிதனும் நீங்கிவிட்டான். மனிதன் இல்லாத இடத்தில் மனிதனுக்குரிய கடப்பாடு எங்ஙனம் எஞ்சும்?

இவ்வாதத்துக்கு விடையாக முதலில் நினைவுக்கு வருவன நன்கறியப்பட்ட இரு வழக்குகள். 1951இல் பால்ற்றிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையிற் புற்றுநோயால் இறந்த ஹென்றியெற்றா லாக்ஸ் எனும் கறுப்பினப் பெண்ணின் கலங்கள், அவர் அறியாமலே எடுக்கப்பட்டு, உலகெங்கும் உள்ள ஆய்வுகூடங்களில் இன்றும் வளர்கின்றன. அவருடைய குடும்பத்தினர் இதனை அறிய இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. அக்கலங்களை விற்றுப் பயனடைந்த நிறுவனமொன்று 2023இலேயே அவர்களோடு இணக்கத்துக்கு வந்தது. மற்றையது ஜோன் மூர் என்பாரின் வழக்கு. 1976இல் நோயின் பொருட்டு அகற்றப்பட்ட அவருடைய மண்ணீரலிலிருந்து கலவழியொன்றை உருவாக்கி, அதற்கு 1984இல் ஆக்கவுரிமையும் பெறப்பட்டது. 1990இல் தீர்ப்பளித்த கலிபோர்ணிய உயர் நீதிமன்றம், அகற்றப்பட்ட கலங்கள்மீது மூருக்குச் சொத்துரிமை இல்லையென்றது. ஆயினும், தமது ஆய்வு நோக்கத்தையும் பொருளாதார நலனையும் நோயாளிக்கு முன்னரே தெரிவிக்கும் கடமை மருத்துவருக்கு உண்டென்றும் கூறியது.

எனினும், இவ்வழக்குகளைக் காட்டி நண்பரை மறுத்தல் முறையாகாது. லாக்ஸின் கலங்களில் அவருடைய பரம்பரையலகுகள் உள்ளன; அவற்றை ஆராய்ந்து அவர்தம் வழித்தோன்றல்களைப் பற்றிய செய்திகளையும் அறியலாம். மூர் தம் மண்ணீரல் எதுவெனச் சுட்டிக்காட்டக்கூடியவர். நமது குப்பியிலோ அத்தகைய ஆள் எவருமில்லை. பெயரும் வழக்காடுவோரும் உள்ள இடத்தில் அறத்தின் குரலைக் கேட்பது எளிது. பெயரும் இழப்பும் முறையீடும் இல்லாத இடத்திலும் அறம் பேசுமா என்பதே நம் வினா. ஆதலால் எளிய வழக்குகளின் துணையை விடுத்து இக்கடினமான வழக்கினுள்ளேயே நிற்போம்.

மேலும், பெயர் நீங்குவது எப்போதும் தீமையன்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். செஞ்சிலுவைச் சங்கத்தின் போர்க்காலக் குருதிச் சேகரிப்பிற் கறுப்பின மக்களின் குருதி முதலில் மறுக்கப்பட்டது. 1942இன் தொடக்கத்தில் ஏற்கப்பட்டபோதும் வேறாகவே வைக்கப்பட்டது. சேமிப்பு முறைகளை வகுத்து, அச்சங்கத்தின் முன்னோடித் திட்டத்தை நடத்திய சாள்ஸ் ட்றூ ஒரு கறுப்பினத்தவர் என்பது அக்கொடுமையின் கூர்மையைக் காட்டும். 1950இலேயே அவ்வேறுபாடு கைவிடப்பட்டது. இன்னார் தொட்ட குவளை, இன்னாருக்குத் தனிக் குவளை என்று தேநீர்க்கடைகளிற் பேதம் பார்த்த சமூகத்திற் பிறந்த நமக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது. குருதியைக் கூறுபிரித்துப் புரதத்தைத் தனியே எடுத்த இரசாயனமோ, எந்த நிறத்தவரின் உடலிலும் அது ஒரே பணியை ஒரே வகையில் ஆற்றுவதையே காட்டிற்று. ஆகவே, தந்தவரின் பெயரைக் குப்பியிற் பொறிக்க வேண்டும் என்று நான் கோரவில்லை. தூயதாக்குதல் பெயரை நீக்குகிறது; அதனோடு பேதத்தையும் நீக்குகிறது. அது கடனையும் நீக்குகிறதா என்பதையே கேட்கிறேன்.

இவ்விடத்தில், கடன் விலையாற் கழிந்துவிட்டது என்பாரின் கூற்றை ஆராய்தல் தகும். ஐக்கிய அமெரிக்காவிற் குருதித் திரவவிழையம் தருவோருக்குப் பணம் கொடுக்கப்படுகிறது. ஏழு நாளில் இரண்டு முறை வரை தருவதற்கும் அங்கு அனுமதியுண்டு. உலகின் திரவவிழையத் தேவையிற் பெரும்பங்கை அந்நாடே நிறைவு செய்கிறது. வாரம் இருமுறை ஊசிக்குக் கைநீட்டுபவன் பெரும்பாலும் செல்வந்தனாக இருப்பதில்லை என்பதை உணரப் புள்ளிவிபரம் வேண்டியதில்லை. 1970இல் வெளிவந்த ‘கொடையுறவு’ எனும் பொருள்படும் நூலிலே, பிரித்தானியப் பேராசிரியர் றிச்சட் ரிற்மஸ், விலைக்கு வாங்கும் குருதியைவிடக் கொடையாகப் பெறும் குருதியே பாதுகாப்பானது என்றும், குருதி சந்தைக்கு வரும்போது அந்நியருக்கு உதவும் மனப்பாங்கே ஒரு சமூகத்திற் குன்றிவிடும் என்றும் வாதிட்டார். பொருளியலறிஞர் கென்னத் அரோ 1972இல் இதனை மறுத்து, விற்கும் வாய்ப்பு இருப்பது கொடுக்கும் வாய்ப்பைப் பறிப்பதாகாதே என்று வினவினார். இம்மறுப்பு எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. வறியவனுக்குக் கிடைக்கும் சிறு வருமானத்தை, வசதியுள்ள நாம் நமது அறவுணர்வின் பெயரால் மறிப்பதும் அறமாகாது.

ஆகவே விலை கொடுத்தலே பிழை என்று நான் வாதிடவில்லை. விலை எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்பதையே வரையறுக்க முயல்கிறேன். ஜேர்மானிய ஞானி கான்ற் 1785இல் எழுதிய நூலில், விலையுடையவற்றையும் மாண்புடையவற்றையும் வேறுபடுத்தினார். விலையுடையதற்கு ஈடாகப் பிறிதொன்றை வைக்கலாம், மாண்புடையதற்கு ஈடில்லை. மனிதனின் பல்லைக்கூட விற்பனைப் பொருளாக்குவதை அவர் பிற்காலத்திற் கண்டித்தார். அவ்வளவு தூரம் செல்ல என்னால் இயலவில்லை. பத்து மில்லிகிராம் புரதத்துக்கு மாண்பு உண்டென்றால் அச்சொல் பொருளிழந்துவிடும். மாண்பு மூலக்கூறில் இல்லை. அதனைத் தந்த மனிதனிடமே உள்ளது.

இதனை விளக்க நமது வீடுகளில் நிகழும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். உண்ணும்போது சோறு சிந்தினால் என் அம்மம்மா பொறுக்கமாட்டார். அரிசியைக் கடையிற் பணம் கொடுத்தே வாங்கினோம். உழவனுக்கு உரியது அவனைச் சேர்ந்துவிட்டது. சிந்திய பருக்கைகளால் எவருக்கும் நட்டமில்லை. பருக்கைக்கு உணர்ச்சியும் இல்லை. ஆயினும் அதனை வீணாக்குதல் பிழையென்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. ஏன்? விலை கொடுத்ததன் மூலம் அரிசி நமக்கு உரியதாயிற்று. ஆனால் அதற்காக ஒருவன் சேற்றில் நின்ற பொழுதுகள் நிகழாதவை ஆகிவிடவில்லை. விலை உரிமையை மாற்றும், நிகழ்ந்ததை மாற்றாது. நமது கடப்பாடு பொருளைப் பற்றி நிற்பதன்று, நிகழ்ந்த செயலைப் பற்றி நிற்பது. பொருள் எத்துணை தூயதாக்கப்படினும் செயல் அதிலிருந்து வடிகட்டப்படுவதில்லை. நண்பரின் வாதம் தவறும் இடம் இதுவே. குப்பியில் மனிதன் இல்லை என்பது இரசாயன உண்மை. குப்பி நம் கையில் இருப்பதற்கு ஒருவர் கைநீட்டிக் கிடந்ததே காரணம் என்பது வரலாற்றுண்மை. முதலாவது இரண்டாவதை அழிக்காது.

ஆனால் சோற்றுக்கும் குருதிக்கும் வேறுபாடு ஒன்று உண்டு. வயலைக் கேட்டு எவரும் நெல்லை அறுப்பதில்லை; மனிதனோ கேட்கப்பட வேண்டியவன். நம் மரபிலே உடலைக் கொடுத்தோரின் கதைகள் பல. புறாவின் பொருட்டுத் தசையை அரிந்தவன் சிபி. பௌத்த சாதகக் கதையில் வரும் சிவி மன்னனோ கண்களைக் கொடுத்தவன். இந்திரனின் வச்சிரப் படைக்காகத் தன் முதுகெலும்பைத் தந்தவர் ததீசி முனிவர். இக்கதைகளில் நாம் கொடையின் பெருமையையே பெரிதும் பேசுகிறோம். அவற்றில் உள்ள கேள்வியின் நேர்மையை மறந்துவிடுகிறோம். தேவர்கள் ததீசி இறக்கும்வரை காத்திருந்து எலும்பை எடுத்துச் செல்லவில்லை. அவர் முன் சென்று, எதற்காக வேண்டுகிறோம் என்பதைச் சொல்லிக் கேட்டனர். கேட்கப்பட்டதனாலேயே அது கொடையாயிற்று. கேளாது எடுத்திருந்தால், எடுத்த பொருள் அதே எலும்பாக இருந்திருப்பினும், அது களவாகியிருக்கும். இரும்பைச் சேமித்து வைக்கும் பெரித்தின் எனும் மற்றொரு புரதம் இறந்தோரின் ஈரலிலிருந்தும் பெறப்படுவதுண்டு. அத்தகைய பொருளைப் பொறுத்தவரை, உயிருடன் இருந்தபோது அவர் கேட்கப்பட்டாரா என்ற வினா இன்னும் கூர்மையடைகிறது.

இவ்வாறு நோக்கும்போது கடப்பாடு இரண்டாகப் பிரிகிறது. பெறுமுன் உள்ளது ஒன்று. பெற்றபின் உள்ளது மற்றொன்று. பெறுமுன் உள்ள கடன், உண்மையைச் சொல்லிக் கேட்டல். தந்தது நோயாளிக்குச் செல்லலாம், ஆய்வுக்கும் செல்லலாம், விற்பனைப் பொருளாகவும் மாறலாம் என்பதனைத் தருபவர் தாம் விளங்கிக்கொள்ளும் மொழியில் அறிந்திருத்தல் வேண்டும். விளங்காத மொழியில் அச்சிட்ட தாளிற் பெறும் கையொப்பம் மையின் அடையாளமேயன்றி மனத்தின் இசைவாகாது. ஒவ்வோர் ஆய்வுக்கும் ஒவ்வொரு முறை அனுமதி கேட்டால் விஞ்ஞானம் முடங்கிவிடாதா என்று வினவலாம். அதனை நான் கேட்கவில்லை. இன்ன இன்ன வகைப் பயன்கள் உண்டென்று ஒருமுறை நேர்மையாகச் சொல்வது எந்த ஆய்வையும் முடக்காது. அவ்வாறு சொன்னால் மறுத்துவிடுவார்களோ என்ற அச்சம் இருப்பின், அவ்வச்சமே சொல்ல வேண்டியதற்குச் சான்றாகும்.

பெற்றபின் உள்ள கடன் யாருக்கு உரியது என்பது அடுத்த வினா. தந்தவர் யாரென அறியோம். திருப்பிக் கொடுக்கவும் இயலாது. வெயிற் காலத்திற் கோயில் வீதியில் உள்ள தண்ணீர்ப்பந்தலில் நீரருந்தும் வழிப்போக்கனை எண்ணுவோம். நீர் வைத்தவரை அவன் அறியான். அவருக்குக் கைம்மாறு செய்யவும் அவனால் ஆகாது. எனினும் அவனுக்குக் கடமை இல்லையென எவரும் கூறமாட்டோம். நீரைக் கலக்காமலும் சிந்தாமலும் அருந்த வேண்டும். முடிந்தால் பிறிதோரிடத்தில் தானும் ஒரு குடம் வைக்க வேண்டும். பெயரற்ற கொடைக்குரிய கடன் கொடுத்தவரை நோக்கித் திரும்புவதன்று. கொடுத்தல் எனும் வழக்கம் தொடர்ந்து வாழ்வதற்காக முன்னோக்கிச் செல்வது. அவ்வழக்கம் நம்பிக்கையினால் வாழ்கிறது. நம்பிக்கை சிதைந்தால் நேரும் கேட்டுக்கு வரலாறு சான்று பகரும். 1970களிலும் 1980களிலும், சிறைக்கூடங்களிலும் பணம் பெற்றோரிடமும் திரட்டிய அமெரிக்கத் திரவவிழையத்திலிருந்து செய்யப்பட்ட மருந்துகள் பிரித்தானியாவுக்கு இறக்குமதியாகிக் குருதியுறையா நோயாளர் பலருக்குத் தொற்றைக் கொடுத்தன. அது பற்றிய அரச விசாரணை அறிக்கை 2024இலேயே வெளிவந்தது. மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் குருதி தரும் மனிதர் ஒருவரே. ஒன்றிலே நேர்ந்த நேர்மையீனம் மற்றதன் வேரையும் அரிக்கும்.

இலங்கை மக்களாகிய நமக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. இந்நாட்டின் குருதி வங்கிகள் ஊதியம் பெறாத கொடையாளரையே நம்பி இயங்குகின்றன. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடக்கிய கண்தானச் சங்கத்தின் வழியாக, இறந்தோரின் கண்கள் இங்கிருந்து பல நாடுகளுக்கும் சென்றுள்ளன. பார்வை பெற்றவர் தந்தவரின் மொழியையோ மதத்தையோ அறியார். பல துன்பங்களால் ஒருவரையொருவர் நம்ப இயலாதிருந்த இந்நாட்டில், முகமறியாத மனிதருக்காகக் கைநீட்டும் இப்பழக்கம் எஞ்சியிருப்பது சிறிய செல்வமன்று. அதனைக் காக்கும் பொறுப்பு கொடுப்பவருக்கு மட்டுமன்று, பெற்றுப் பயன்படுத்துவோருக்கும் உரியது.

மாற்றுப்பொருள் வந்துவிட்டதே, இனி இவ்வினா எதற்கு என்பாரும் உளர். மனிதத் திரான்ஸ்பெரினுக்குரிய பரம்பரையலகை மதுவத்திலும் நெற்பயிரிலும் புகுத்தி, குருதி எதுவுமின்றியே அதனை ஆக்கும் முறைகள் இன்று உள்ளன. இது வரவேற்கத்தக்கதே. மாற்றுப்பொருளாற் பணி நிறைவேறுமாயின் மனிதரிடமிருந்து பெற்றதைத் தவிர்ப்பது பெற்றபின் உள்ள கடனின் ஒரு பகுதியென்றே கருதுவேன். ஆனால் அம்மாற்றுப்பொருளைச் செய்வதற்கு வேண்டிய அறிவும் மனிதக் குருதியிலிருந்தே கிடைத்தது. போர்க்காலத்திற் கைநீட்டியவர்களின் கொடை நெல்மணியினுள்ளும் தொடர்கிறது. கடன் இலேசாகியுள்ளது, இல்லாமற் போய்விடவில்லை.

ஆகவே, ‘இதிலே தவறு ஏதேனும் நிகழ்ந்ததா?’ என்ற தொடக்க வினாவுக்கு இப்போது விடை கூறலாம். நண்பர் செய்தது குற்றமன்று. எவருடைய உரிமையும் மீறப்படவில்லை. எவருக்கும் தீங்கு நேரவில்லை. கழிவகற்றும் விதியும் காக்கப்பட்டது. ஆயினும் சரி, குற்றம் என்ற இரண்டு தட்டுகளிலேயே எல்லாச் செயல்களையும் நிறுத்துவிட இயலாது. குற்றமற்றதாயினும் கடன் மறந்ததாக ஒரு செயல் அமையக்கூடும். நண்பர் வருந்திய பணவிரயத்தினும் ஆழமான ஒரு விரயம் அங்கு நிகழ்ந்தது. ஒருவர் கைநீட்டிய செயல் அதன் பயனை அடையாமலே முடிந்தது.

இக்கருத்துகளைச் சில வாரங்களின் பின் நண்பரிடம் கூறியபோது அவர் முழுதும் உடன்படவில்லை. ஒவ்வொரு குப்பிக்கும் முன்னால் நின்று வணங்கிக்கொண்டிருந்தால் ஆய்வு நடவாது என்றார். வணங்கும்படி நான் கேட்கவில்லை. அவர் இப்போது புதிய குப்பி வந்ததும் அதனைக் கரைத்து, ஒரு பரிசோதனைக்கு வேண்டிய அளவாகச் சிறு சிறு பங்குகளாக்கி உறையவைத்துவிடுகிறாராம். ஒரு பங்கை எடுத்தால் மற்றவை கெடுவதில்லை. காலம் கடந்து ஊற்ற வேண்டியதும் குறைவு. இது பணத்தை மிச்சப்படுத்தும் வழி என்றே அவர் காரணம் கூறினார். காரணம் எதுவாயினும் செயல் நன்றே. நானோ, பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற குருதிக்கொடை முகாமிலே முதன்முறையாகக் கைநீட்டினேன். கொடுத்த படிவத்தை முழுதும் வாசித்து, விளங்காத இரண்டு இடங்களைக் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிட்டேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்குச் சற்றுத் தாமதம் ஏற்பட்டது.

விஞ்ஞானம் பயிலும் மாணவர் கலைப்பீடத்தாரிடமிருந்து உபதேசம் கேட்க வேண்டியதில்லை. ஆனால் இருசாராரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. தூயது என்ற சொல் ஆய்வுகூடத்திலே கலப்பற்றது எனப் பொருள்படும். அறவியலிலோ, வந்த வழி நேரியது என்பதே அதன் பொருள். முதலாவது தூய்மையைச் சோதிக்கக் கருவிகள் உள்ளன. இரண்டாவதைச் சோதிக்கக் குப்பியைக் கையில் எடுப்பவரின் மனச்சான்றைத் தவிர வேறு கருவி இல்லை.